வீட்டுப் பட்டறை: அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகள்



தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபோகும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அப்படிப் போனவர்களாகவே இருக்கலாம். லோரி வாசலில் வந்து நிற்கும். கட்டில், அலமாரி, சாமி படங்கள், தையல் இயந்திரம் எல்லாம் ஏறிவிடும். கடைசியில் சில சாமான்கள் மட்டும் அஞ்சடியில் தங்கிவிடும். "இது எதற்கு? புது வீட்டில் இடமேது? பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

அப்படி அஞ்சடியில் தங்கிவிடும் சாமான்களில் ஒன்றைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அதுதான் பழைய ஸ்பீக்கர் பெட்டி.

பாட்டு வரவில்லை என்றவுடன் பெட்டி செத்துவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெட்டியைத் திறந்து பார்த்தால், பலகை கல்லுப் போல் இருக்கும். காந்தம் புதிதாக இருக்கும். கெட்டுப்போனது ஒரு விரல் அகலமுள்ள விளிம்பாக மட்டும் இருக்கும். அந்த விளிம்பை மாற்றலாம். அது முடியாதபோது புதிய காலத்து ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய பெட்டியில் பொருத்தலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் யோசிக்காமல் செய்தால் நல்ல பெட்டியும் பாழாகும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பாழாக்கிவிட்டுச் சொல்கிறேன்.

நான் வெட்டிய வெட்டு

1984-ஆம் ஆண்டு என் தந்தையார் கூட்டு எடுத்த பணத்தில் ஒரு செட்டும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி வந்தார். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு சோடிக் கம்மல் எடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. கம்மல் வரவில்லை, பெட்டிகள் வந்தன. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கணீரென்று எழுந்தபோது, அடுப்படியிலிருந்து அம்மா வந்து கதவோரம் நின்றதை அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எங்கள் லயத்தில் கல்யாணமா, சடங்கா, தீபாவளியா, அந்தப் பெட்டிகள் இல்லாமல் நடக்காது. பால்மரம் வெட்டிக் கறுத்துப்போன அப்பாவின் கைகள், ஞாயிறு காலையில் பழைய கைலித் துணியால் அந்தப் பெட்டிகளைத் துடைக்கும் அழகே தனி. எங்களைத் தொட விடமாட்டார்.

2000-ஆம் ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது இடது பக்கப் பெட்டி கரகரவென்று இரைந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரின் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. எனக்கோ எல்லாம் தெரியும் என்ற நினைப்பு! பட்டணத்துக் கடையில் காருக்குப் போடும் நீள்வட்ட ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டியிலிருந்ததோ வட்ட ஓட்டை. ரம்பத்தை எடுத்து மேலும் கீழும் வெட்டினேன். பக்கவாட்டில் இடைவெளி விழுந்தது. அட்டையை மடித்துத் திணித்தேன். பழைய ஸ்பீக்கரைக் குப்பையில் எறிந்தேன்.

பாட்டு வந்தது. எப்படி? வலது பக்கம் பாடகர் பாடுகிறார். இடது பக்கம் யாரோ தொம் தொம்மென்று மாவு இடிக்கிறார்கள். மூன்று வாரத்தில் செட்டும் சூடேறிப் புகைந்து நின்றுபோயிற்று. அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல, விடுப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பெட்டிகளின் மேலும் துணியை விரித்து, ஒன்றின் மேல் பூச்சாடியையும் மற்றொன்றின் மேல் எங்கள் குடும்பப் படத்தையும் வைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவை வெறும் மேசைகளாகவே நின்றன.

சென்ற ஆண்டு பெற்றோரைப் பட்டணத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது அப்பாவே சொன்னார்: "அதைத் தூக்கிப் போட்டுடுப்பா." எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை ரம்பத்தை எடுக்கும் முன் பென்சிலை எடுத்தேன்.

பெட்டி எதற்கு?

நம் கையிலிருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பு, 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அமைப்புதான். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது விளிம்பு. மின்சாரம் சுருளில் ஓடும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது, காற்று அசைகிறது, நமக்குக் கேட்கிறது.

கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே வேளையில் பின்பக்கக் காற்று தளர்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் ஓரமாகச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீச்சுக் குரல் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் கேட்காது. பின்பக்க ஒலியைப் பிரித்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. ஆகவே பெட்டியில் சிறு சந்து இருந்தாலும் நட்டம்தான்.

இரண்டாவது வேலையும் உண்டு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளேயிருக்கும் காற்று வில்லைப் போலத் திருப்பித் தள்ளும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் கூம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தக் காற்று வில்லையே முதன்மையான வில்லாகப் பயன்படுத்திக் கொண்டவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். அவரும் ஓர் ஆசிரியர்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியை மீட்டொலிப்பது பற்றி வகுப்பெடுத்தவர். வீட்டில் அவர் செய்து பார்த்த முதல் மாதிரியின் விளிம்புக்கு மெத்தை உறைத் துணியைப் பயன்படுத்தினார். 1954-இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட ஏ.ஆர்-1 என்ற பெட்டி, அளவில் சிறியதாக இருந்தும் பெரிய பெட்டிக்குரிய கனத்த ஒலியைக் கொடுத்தது.

ஸ்பீக்கரும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் கணவன் மனைவி போல. ஒருவருக்கு ஒருவர் பொருந்த வேண்டும். நான் அன்று ஓட்டையை அளந்தேன், காற்றை அளக்கவில்லை. பிழை அங்கேதான்.

முதலில் சோதனை

பணம் செலவழிக்கும் முன் பெட்டியைச் சோதியுங்கள்.

விரல் முட்டியால் நாற்புறமும் தட்டுங்கள். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் நலம். 'பொத்' என்று கேட்கும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கும். பழைய பெட்டிகள் பிளைவுட்டிலோ, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டிலோ செய்யப்பட்டவை. சிப்போர்டு நீர் பட்டால் ஊறிய பிஸ்கட் போல் உப்பிவிடும். பிறகு திருகாணி பிடிக்காது. அடிப்பலகை மட்டும் உப்பியிருந்தால் அதை மாற்றலாம். நாற்புறமும் உப்பியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். கரையான் கூடு கட்டிய பெட்டியைப் புது வீட்டுக்குள் கொண்டு போகவே கூடாது.

அடுத்து ஸ்பீக்கர். விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். நுரைப்பஞ்சு விளிம்பாக இருந்தால் ஒட்டிக்கொண்டு உதிரும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அந்தப் பஞ்சைச் சிறுகச் சிறுகச் சிதைத்துவிடும். ஓடாமல் சும்மா இருந்தாலும் சிதையும். ரப்பர் விளிம்பும், மடிப்பு மடிப்பான துணி விளிம்பும் இதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

பிறகு இரு கை விரல்களையும் கூம்பின் மேல் எதிரெதிரே வைத்து, சமமாக, மெல்ல உள்ளே தள்ளுங்கள். சத்தமின்றிப் போய் வந்தால் சுருள் நேராக இருக்கிறது. உரசும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டது. மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.

விளிம்பு மட்டும் போய், சுருளும் கூம்பும் நலமாக இருந்தால் புது ஸ்பீக்கர் வாங்காதீர்கள்! அதே அளவுள்ள விளிம்பு வளையம் தனியாக விற்கிறார்கள். பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். செலவு குறைவு, அந்தப் பெட்டிக்கென்றே தேர்ந்தெடுத்த ஸ்பீக்கரும் நிலைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். நானும் இதைத்தான் செய்திருக்க வேண்டும். இடது ஸ்பீக்கரை எறிந்துவிட்டேனே! ஒன்று பழையது, ஒன்று புதியது என்று வைத்தால் இரு பக்கமும் ஒரே குரலில் பேசாது. ஆகவே ஒரு சோடி புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

பென்சிலும் தாளும்

பெட்டியின் உட்புற உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். அப்பாவின் பெட்டி 41, 26, 20. பெருக்கினால் 21,320. அதாவது 21 லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே இருக்கும் கட்டைகளுக்கும் ஸ்பீக்கரின் உடம்புக்கும் கொஞ்சம் கழித்து, 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போட்டுவிடும். பிள்ளையைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்துக் கன அளவு எதற்கு உதவும் என்று அன்றைக்கு அதற்குப் புரிந்துவிடும்.

இனி ஸ்பீக்கரின் எண்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல் எழுதிய கட்டுரையும், அதைத் தொடர்ந்து சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளும் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி ஒலிக்கும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் கண்டுபிடிக்க அவர்கள் வழி காட்டினார்கள். நல்ல ஸ்பீக்கர் எதுவானாலும், அதன் பெயரையும் எண்ணையும் கைத்தொலைபேசியில் தேடினால் இந்த விவரத்தாள் கிடைக்கும். அதில் மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது எஃப்.எஸ். கூம்பு தானாக எந்த வேகத்தில் அதிர விரும்புகிறது என்பது. இரண்டாவது வி.ஏ.எஸ். கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்பு, எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்பது. மூன்றாவது கியூ.டி.எஸ். அதிரத் தொடங்கிய கூம்பு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பது. எண் சிறிதானால் விரைவில் அடங்கும்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு இதுதான். வி.ஏ.எஸ். எண்ணைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். அந்த விடையால் கியூ.டி.எஸ். எண்ணைப் பெருக்குங்கள். ஓர் எட்டங்குல ஸ்பீக்கருக்கு வி.ஏ.எஸ். 60, எஃப்.எஸ். 35, கியூ.டி.எஸ். 0.35 என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. ஒன்று கூட்டினால் 4. வர்க்கமூலம் 2. ஆகவே 0.35-ஐ 2-ஆல் பெருக்க 0.70. இந்த விடை 0.7-க்கு அருகில் இருந்தால் ஒலி சீராக இருக்கும். 1-ஐத் தாண்டினால் தொம் தொம் தொடங்கும். எஃப்.எஸ். எண்ணையும் அதே 2-ஆல் பெருக்கினால் 70. அதற்குக் கீழே ஒலி மெல்லக் குறையத் தொடங்கும்.

காருக்கான ஸ்பீக்கர்கள் பல, பின்பக்கச் சாமான் அறை முழுவதையும் பெட்டியாகக் கொண்டு வேலை செய்பவை. அவற்றின் கியூ.டி.எஸ். 0.7 அளவில்கூட இருக்கும். அதை 2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.4! இருபது லிட்டருக்குள் அதை அடைத்துவிட்டு, மாவு இடிக்கிறதே என்று 2000-ஆம் ஆண்டில் நான் தலையைச் சொறிந்தேன்.

சில பெட்டிகளின் முன்புறமோ பின்புறமோ குழாய் வைத்த துளை இருக்கும். அதன் நீளமும் அகலமும் பழைய ஸ்பீக்கருக்காக வகுக்கப்பட்டவை. புது ஸ்பீக்கருக்கு ஏற்ப அதைக் கணக்கிடத் தெரியாவிட்டால், துளையைப் பலகையால் இறுக அடைத்துவிட்டு, மூடிய பெட்டியாகக் கொண்டு மேற்சொன்ன கணக்கைப் போடுங்கள்.

இன்னும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஓம். செட்டின் பின்புறம் 8 ஓம் என்று எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். மின்சாரம் அதிகமாக இழுக்கப்பட்டு செட் சூடாகும். எங்கள் செட் புகைந்தது அதனால்தான். மற்றொன்று, ஒரு வாட் சக்திக்கு எத்தனை டெசிபல் ஒலி என்பது. அந்தக் காலத்துச் சிறிய செட்டுகளுக்கேற்ப, குறைந்த சக்தியில் உரக்கப் பாடும் ஸ்பீக்கர்கள் அன்று இருந்தன. இப்போதைய ஸ்பீக்கர்கள் பல சிறிய பெட்டியிலும் கனத்த ஒலி தரும். ஆனால் அதிக சக்தி கேட்கும். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 96-க்குப் பதில் 87 என்றால் 9 குறைவு. எட்டு மடங்கு வேண்டும். வால்வு ரேடியோவின் ஐந்து வாட்டை நம்பி இப்படிப்பட்ட ஸ்பீக்கரை வாங்கினால், பாட்டு பக்கத்து அறைக்குக்கூடப் போகாது.

கை வேலை

வெட்டுப்பட்ட முன்பலகையை எப்படிச் சரி செய்வது? பழைய பெட்டிகளில் முன்பலகை ஓரங்களிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும். அந்த இடத்தில் அடங்கும்படி 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை வெட்டி, வெள்ளைப் பசையும் திருகாணியும் போட்டு மேலே பதித்தேன். அதில் புது ஸ்பீக்கரின் அளவுக்கு வட்டம் வெட்டினேன். கூர்மையான காம்பஸ் கோடு, கோட்டுக்கு உட்புறம் ரம்பம், மீதிக்கு உப்புத்தாள். வலது பெட்டி நன்றாக இருந்தும் அதற்கும் அதே பலகை போட்டேன். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமல்லவா? புது ஸ்பீக்கர் பழைய ஓட்டையைவிடச் சிறியதாக இருந்தாலும் இதே வழிதான். பலகை வளையம் செய்து ஓட்டையைச் சிறிதாக்குங்கள். ஓட்டையைப் பெரிதாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். வெட்டியதை ஒட்ட இருபது ஆண்டு ஆகும்!

உள் மூலைகளில் பசையைத் தடவிச் சந்துகளை அடையுங்கள். கம்பி நுழையும் துளையையும் மறவாதீர்கள். ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய பஞ்சு நாடா ஒட்டுங்கள். பெட்டிக்குள் பழைய தலையணையின் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக வையுங்கள், இறுக்கித் திணிக்காதீர்கள்.

திருகாணி முடுக்கும்போது ஒரு கையால் கூம்பின் மேல் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் திருப்புளியைப் படக்கென்று இழுக்கும். கூம்பில் ஓட்டை விழுந்தால் புது ஸ்பீக்கர் அந்த நொடியே பழைய ஸ்பீக்கர்தான்.

கீச்சுக் குரலுக்கு உரிய சிறிய டுவீட்டர் நலமாக இருந்தால் இருக்கட்டும். அதன் கம்பியில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். கனத்த ஒலி டுவீட்டருக்குப் போகாமல் தடுப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் அது உலர்ந்து மதிப்பு மாறிவிடும். அதே மைக்ரோஃபாரட் எண்ணுள்ளதாக, கூட்டல் கழித்தல் முனை வேறுபாடு இல்லாத வகையில் புதியது போடுங்கள்.

கூட்டல், கழித்தல் முனைகளை இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இணையுங்கள். ஐயம் இருந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டல் முனையைத் தொடும்போது கூம்பு வெளியே வரும். ஒரு பெட்டியில் வெளியேயும் மறு பெட்டியில் உள்ளேயும் போனால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கனத்த ஒலி காணாமல் போய்விடும்.

சில எச்சரிக்கைகள். வால்வு வைத்த பழைய ரேடியோவின் உட்புறத்தை, பிளக்கைக் கழற்றிய பிறகும் தொடாதீர்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ளே தங்கியிருக்கக்கூடும். அந்த வேலை தெரிந்தவருக்கே உரியது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். சிப்போர்டைத் தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். ஈயம் பற்றவைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் அளக்கட்டும். ரம்பமும் சூட்டுக்கோலும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

அம்மாவின் சேலை

ஸ்பீக்கர் சோடி, பலகை, பசை, கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து எனக்கு 240 வெள்ளி ஆயிற்று. பழுதான செட்டுக்குப் பதில், கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய செட் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. எஞ்சியது முன்புறத் துணி. பழையது எலி கடித்து நைந்திருந்தது. கடைத் துணி எதையும் போட்டுவிட முடியாது. துணியை வாயருகே பிடித்து ஊதினால் மூச்சுத் தடையின்றி மறுபக்கம் போக வேண்டும். தடுத்தால் அது பாட்டையும் தடுக்கும்.

நான் நான்கைந்து துணிகளை ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பதை அம்மா பார்த்தார். உள்ளே போய்ப் பழைய வாயில் சேலை ஒன்றைக் கொண்டு வந்தார். பழுப்பு நிறம், ஓரம் கிழிந்தது.

"இதை எடுத்துக்க. நல்ல சேலையில கை வெச்சிடாதே."

ஊதிப் பார்த்தேன். காற்று இழைந்தோடியது. சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது பெட்டிகளுக்கு அப்படியொரு அழகு! "கம்மலும் போச்சு, இப்ப சேலையும் போச்சு" என்றார் அம்மா. நாற்பது ஆண்டுக் கணக்கை அவர் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலை செட்டைத் திருப்பினேன். முதலில் பாட்டு வேண்டாம், செய்தி வை என்றார் அப்பா. மின்னல் எஃப்.எம். செய்தி ஓடியது. அவருக்கு இப்போது காது சற்று மந்தம். நாற்காலியை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தி முடிந்து பாட்டு வந்தது. ஒரு பாட்டு முழுவதும் பேசவில்லை. பிறகு இடது பெட்டியைக் காட்டிச் சொன்னார்:

"இப்ப ரெண்டும் ஒண்ணா பேசுது."

அவ்வளவுதான். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நான் எழும் முன்பே அப்பா பழைய துணியோடு பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகன் கிட்டே போனான். எங்களைத் தொட விடாத மனிதர், அவன் கையில் துணியைக் கொடுத்தார்.

வாசகர்களே, எல்லாப் பழைய பெட்டியையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பியதை விடுங்கள், கரையான் தின்றதை விடுங்கள். ஆனால் லோரி வந்து நிற்கும் அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைத் தட்டிப் பாருங்கள். விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். உள் அளவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை வாங்கியவர் வீட்டில் இருந்தால், வாங்கிய கதையை ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு எறிவதா வைப்பதா என்று தீர்மானியுங்கள்.

அடுத்த இதழில், கிறீச்சிடும் தையல் இயந்திரத்துக்கு எங்கெங்கே எண்ணெய் விடுவது, எங்கே விடக்கூடாது என்பதைப் பார்ப்போம். அதுவரை வணக்கம்.